எட்டு ஜிபி

வறுவேலின் கம்ப்யூட்டரைத் திறந்தபோது
உள்ளே எறும்புகள் குடியிருந்தன.
விசிறியின்மேல் ரப்பர் ஷீட்டின் புளித்த வாடை
தோலாகப் படிந்திருந்தது.
"நாலு நாளா இப்பிடியாக்கும். ஒரு கோடு மின்னும்,
பின்ன இருட்டு" என்றார்.
ஆனி மழை. திருவட்டாறு முழுக்க பால்வெட்டு இல்லை.
ஷீட் வரத்து இல்லை.
கணக்குக் கேட்டு மட்டும் ஆள் வருகிறது.

கணக்கு டி டிரைவில் பத்திரமாக இருந்தது.
செத்தது ஆபரேட்டிங் சிஸ்டம்தான்.
வீடு இருக்கு, எழுப்பிவிட ஆளில்லை என்றேன்.
அவருக்குப் புரிந்தது.

இரவெல்லாம் போனிலிருந்து இறக்கினேன்,
இரண்டரை ஜிபி.
மழை வலுத்தால் நின்றுவிடும்,
தூறலானால் ஊரும்.
விடிந்தபோது ஃபைல் இருந்தது,
ஏற்றுவதற்குப் பென் டிரைவ் இல்லை.
என்னுடையது ஒன்று வேர்க்கிளம்பியில்
ஒரு வக்கீல் வீட்டில்.
இன்னொன்று சுடிதார் பாக்கெட்டோடு
வாஷிங் மெஷினுக்குள் போனது.

பதினொன்றே முக்கால் மினிபஸ் கடைமுன் நின்றது.
டீ குடிக்க இறங்கிய வில்பிரட்டிடம்
டேப்பில் செருகியிருந்த நீல டிரைவைக் கேட்டேன்.
"பாட்டு எல்லாம் அதிலயாக்கும் கெடக்கு, சஜிலா.
அடுத்த டிரிப்புக்கு வேணும், கேட்டியா."
முந்நூற்று நாற்பது பாட்டு.
காப்பி எடுத்து வைக்கிறேன் என்றேன்.

காப்பி ஓடியது.
கரண்ட் போயிற்று.
வந்ததும் பார்த்தேன், ஃபோல்டர் இருந்தது.
திறந்து எண்ணவில்லை.
நான் செய்தது இதுதான்.

இந்த டிரைவில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும்,
சரியா என்றது திரை.
பாவசங்கீர்த்தனத்தில்கூட
இத்தனை பணிவாக யாரும் என்னிடம் கேட்டதில்லை.
சரி என்று அமுக்கினேன்.
பச்சைக்கோடு வளர்ந்தது. இந்த முறை
ஜெராக்ஸ் மெஷினின் இன்வெர்ட்டருக்குப்
பிளக்கை மாற்றியிருந்தேன்.

எஃப் பன்னிரண்டைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.
கண் விழிக்கிற அந்த ஒரு நொடியில்
பழக்கத்துக்கு அது தன் உள்ளேயே தேடும்,
ஒன்றுமில்லை என்று தெரிந்தும்
மறுபடி அங்கேயே தேடும்.
முதலில் வெளியே பார் என்று
வரிசையை மாற்றினேன்.
நீல டிரைவின் விளக்கு துடித்தது.
எடைமெஷின் எண்ணைப் பார்ப்பதுபோல்
வறுவேல் கண் எடுக்காமல் நின்றார்.

இருபத்துமூன்று நிமிடம்.
அவருக்குத் தர வேண்டியவர்கள் பெயர் வந்தது,
அவர் தர வேண்டியவர்கள் பெயரும் வந்தது.
இரண்டாவது பட்டியலுக்கு மட்டும்
கொஞ்சம் நகர்ந்து, திரையை மறைத்து நின்றார்.

பில் எழுதிக்கொண்டிருந்தேன்.
வெளியே ஹார்ன்.
வறுவேலே டிரைவைப் பிடுங்கி
மழையில் ஓடிக் கொடுத்துவிட்டு வந்தார்,
பெரிய உதவி செய்தவராய்.

ஆறேகாலுக்குக் கடையைப் பூட்டி
அதே பஸ்ஸில் ஏறினேன்.
டேப்பில் சிவப்பு எழுத்து:
நோ ஃபைல். நோ ஃபைல்.
ஒரு முழு ஆபரேட்டிங் சிஸ்டத்தைச் சுமந்துகொண்டு
செருப்பாலூர் பக்கம் உருண்டது பஸ்,
எங்கே நிறுவுவதென்று தெரியாமல்.

வைப்பர் சத்தம். நனைந்த மரச்சீனிச் சாக்கின் மணம்.
பின் சீட்டில் ஒருத்தி போனில்,
"வரமாட்டேன்னு சொல்லியாச்சுல்லா, பின்ன என்ன?"
பாட்டு இருந்திருந்தால் கேட்டிருக்காது.
எல்லோரும் கேட்டோம்.
அது தெரிந்து, மீதியை
ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

வில்பிரட் கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.
இரண்டு முறை.
"கடையில ஃபோல்டர் இருக்கு" என்றேன்.
"எல்லாம் இருக்குல்லா?"
நான் அப்போதும் எண்ணியிருக்கவில்லை.

மறுநாள் எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டு.
எம் எழுத்துக்குப் பிறகு ஒன்றுமில்லை.
பதினாறு ஜிபியில் புதிதாக ஏற்றிக் கொடுத்தேன்,
என் காசு.
நீலத்துக்கு நகப்பாலிஷில் ஒரு புள்ளி வைத்து
மேசைக்குள் போட்டேன்.
இனி அதற்கு எழுப்புகிற வேலை மட்டும்.

வில்பிரட் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.
பஸ் கடைமுன் வந்து நிற்கும்போதெல்லாம்
டோனரை மாற்றிக்கொண்டே காது கொடுக்கிறேன்,
இப்போது எந்த எழுத்தில் பாடுகிறது என்று.